எதிர்ப்பாளர்: எண்ணிக்கை ஒன்று

தேர்தலுக்குப் பதினாறு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, துகலோவோ பள்ளியின் தையல் வகுப்பறையில் இருந்தவர்கள்: வாக்குச்சாவடி எண் 417-இன் தலைவரும் பள்ளித் தலைமையாசிரியையுமான ரிம்மா வெனெதிக்தொவ்னா, ஆளுநரின் படத்துக்கு நேர் கீழே, துணி வெட்டும் மேசைக்குப் பின்னால். மாவட்டத்திலிருந்து வந்திருந்த ஸ்னெஷானா இகோரெவ்னா, அவருக்கு வலப்புறம், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. உறுப்பினர்கள் இருவர், உடற்பயிற்சி ஆசிரியர் சகாரும் சமையலறைப் பொறுப்பாளர் கப்பிதொலீனாவும், தையல் இயந்திரங்களுக்கு நடுவே. செயலாளராகிய நான், கதவோரம், குறிப்பேட்டுடன். ஊர் நிர்வாகத் தலைவர் க்ளெப் சாவிச், ஜன்னலோரம், தம் அலுவலகத்திலிருந்து தூக்கிவரச் செய்த கைவைத்த நாற்காலியில். சட்டப்படி அவர் இந்தக் கூட்டத்துக்கு வரக்கூடாது, ஆகவே வந்ததாகக் குறிக்கப்படவில்லை. அவர் காலடியில், தரையில், மல்லாக்கப் படுத்தபடி, பள்ளியின் கொதிகலன் அறைக்காரர் அவெர்யான் லூகிச்.

அவெர்யான் லூகிச் கூட்டத்துக்கு வரவில்லை. குளிர்காலம் தொடங்குமுன் வெப்பக்குழாயின் திருகை இறுக்க வந்திருந்தார். ஆனால் அறையில் இருப்பவர்களைக் குறிப்பதுதான் என் வேலை. எதற்காக இருக்கிறார்கள் என்று விசாரிப்பது என் வேலையல்ல. ஆறாவது பெயராக எழுதிக்கொண்டேன்.

ஸ்னெஷானா இகோரெவ்னா ஒரு சுற்றறிக்கையை எடுத்தார். அதன் மேல் ‘இரகசியம்’ என்று அச்சிட்டிருந்ததால் மெதுவாகப் படித்தார். போன தேர்தலில் எங்கள் சாவடியில் வாக்காளர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு. ஆளுநருக்கு விழுந்தவை முந்நூற்றுப் பன்னிரண்டு. அவர்களில் இரண்டு பேர் அந்தக் கோடையிலேயே இறந்துபோயிருந்தார்கள். அவர்களும் மறக்காமல் வந்து போட்டிருந்தார்கள்.

“தலைநகர்ல சிரிச்சிருக்காங்க,” என்றார். “ஒரு மல்யுத்த வீரன் மேடையில தனியா நின்னு, தானே விழுந்து தானே எழுந்தா, அதுக்குப் பேரு வெற்றியா? பலமான தலைவருக்கு எதிர்ப்பு வேணும். பலமில்லாத எதிர்ப்பு. அதனால இந்தத் தடவை சாவடிக்கு ஒண்ணு. தெளிவாப் போட்டிருக்கு பாருங்க. எதிர்ப்பாளர், எண்ணிக்கை ஒன்று, அடைப்புக்குறிக்குள்ள: உயிருடன்.”

அறையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தையல் இயந்திரங்களைப் பார்த்தார்கள்.

“எங்க ஊர்ல அந்த மாதிரி ஆளே கிடையாதுங்க,” என்றார் கப்பிதொலீனா. “ஒருத்தர் இருந்தாரு, சரித்திர வாத்தியார். அவரும் போயிட்டாரு.”

“எங்க போனாரு?”

“எங்கன்னு கேக்கறது எங்க ஊர்ல வழக்கமில்லீங்க.”

ஸ்னெஷானா இகோரெவ்னா என் குறிப்பேட்டை வாங்கிப் பெயர்களின் மேல் விரலை ஓட்டினார். தலைவர் எதிர்ப்பாளராக முடியாது. உறுப்பினர்கள் முடியாது. செயலாளர் முடியாது. அவர் தாமே முடியாது. விரல் ஆறாவது பெயரில் நின்றது.

“இந்த அவெர்யான் லூகிச் யாரு?”

“இதோ ஒரு நிமிஷம்மா, இந்தத் திருகு மட்டும்,” என்று தரையிலிருந்து குரல் வந்தது.

எழுப்பி உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார்கள். அவருக்கு அறுபத்து மூன்று வயது. விரல்களில் கரி, காதில் கொஞ்சம் ஒட்டடை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எனக்கு ஆளுநரை ரொம்பப் பிடிக்குமுங்களே,” என்றார். “வீட்ல அவர் படம் போட்ட நாள்காட்டி இருக்கு. போன வருஷத்ததைக்கூடக் கழட்டல.”

“அதனாலதான் உங்ககிட்ட வர்றோம்,” என்றார் ஸ்னெஷானா இகோரெவ்னா. “எதிர்ப்புங்கறது ரொம்பப் பொறுப்பான வேலை. அதைப் போயி, பிடிக்காதவங்க கையில குடுக்க முடியுமா?”

அவெர்யான் லூகிச் யோசித்தார். அப்போது, வந்ததாகக் குறிக்கப்படாத க்ளெப் சாவிச் நாற்காலியிலிருந்து குனிந்து அவர் தோளைத் தட்டினார்.

“லூகிச், ஆக்னியா அம்மா போற வேன் எப்படி, நல்லா ஓடுதா?”

“ஓடுதுங்க. ஏங்க?”

“ஒண்ணுமில்ல. நல்லா ஓடுதேன்னு சந்தோஷமா இருக்கு.”

வேனைப் பற்றி ஒரு வார்த்தை. அவெர்யான் லூகிச்சின் மனைவி ஆக்னியாவுக்கு இரண்டு சிறுநீரகமும் நின்று மூன்று வருடமாகிறது. செவ்வாய், வியாழன், சனி, விடிவதற்குள் நிர்வாகத்தின் வேன் அவரைத் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி மாவட்ட மருத்துவமனைக்கு டயாலிசிஸுக்கு அழைத்துப் போகும். சாயங்காலம் கொண்டுவந்து விடும். வேனின் இரண்டு பக்கமும் ‘ஆளுநரின் பரிவு’ என்று நீல எழுத்தில் எழுதியிருக்கும். எங்கள் ஊர்ப் பேருந்து நின்று ஆறு வருடமாயிற்று. வேன் வந்தால் ஆக்னியா இருப்பார். வராவிட்டால் பத்துப் பதினைந்து நாள். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆளுநருக்கு மட்டும் தெரிந்திருக்காது என்பது பிற்பாடு பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டது.

“சரிங்க,” என்றார் அவெர்யான் லூகிச். “எத்தனை நாளைக்குங்க?”

*

தினம் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை ரொட்டிக் கடைக்கு எதிரே அட்டை பிடித்துத் தனியாக நிற்க வேண்டும். இரண்டு பேர் நின்றால் அது கூட்டம், கூட்டத்துக்கு அனுமதி கிடையாது. அட்டையில் என்ன எழுதுவது என்பதுதான் பிரச்சினையாயிற்று.

அவெர்யான் லூகிச் தாமாகவே ஒரு வாசகம் கொண்டுவந்தார்: ‘சாலை மோசம்.’ வேன் சேற்றில் மாட்டிக்கொள்வதால் ஆக்னியா சில நாள் முகம் நீலமாகி வந்து சேர்கிறார் என்பதற்காக.

ரிம்மா வெனெதிக்தொவ்னா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். “சாலை நிஜமாவே மோசமாத்தானே இருக்கு?”

“ஆமாங்க.”

“அப்ப இது எதிர்ப்பு இல்ல, தகவல். தகவல் வெளியிட வேற துறையில அனுமதி வாங்கணும்.”

மறுநாள் ‘முட்டை விலை’ என்று மட்டும் எழுதிவந்தார். ஏறியதா இறங்கியதா என்று சொல்லாததால் இன்னும் ஆபத்தானது என்று அதுவும் தள்ளப்பட்டது. கடைசியில் மாவட்டத்தோடு தொலைபேசியில் இரண்டு மணி நேரம் பேசி ஒரு வாசகம் முடிவாயிற்று: ‘எனக்கு உடன்பாடு இல்லை.’

“எதோடங்க?” என்று கேட்டார் அவெர்யான் லூகிச்.

“அது பின்னாடி தெரிவிக்கப்படும்.”

நியமப்படி இதற்கு ஒரு விண்ணப்பப் படிவம் உண்டு. நான் அழகாக நிரப்பினேன். பெயர், பிறந்த தேதி, முகவரி, தொழில். ஐந்தாவது கட்டம் ‘எதனுடன் உடன்பாடு இல்லை’ என்பது. அதைக் காலியாக விடச் சொன்னார்கள். அவெர்யான் லூகிச் கீழே கையெழுத்திட்டார், ரிம்மா வெனெதிக்தொவ்னா வட்ட முத்திரை குத்தினார்.

முதல் இரண்டு நாள் ஊரே சிரித்தது. கப்பிதொலீனா முட்டைக்கோஸ் அடைத்த பணியாரம் கொண்டுவந்து கொடுத்தார். “எதுல உடன்பாடு இல்ல லூகிச்? முட்டைக்கோஸ்லயா? உனக்கு அடுத்த தடவை காளான் வெச்சுத் தர்றேன், அட்டைய இறக்கிடு.” வரிசையில் நின்றவர்கள் அவருக்காக இடம் பிடித்துவைத்தார்கள். அவர் நியமிக்கப்பட்டவர் என்பது கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்.

நான்காம் நாள் மின்சாரம் நின்றது. எங்கள் ஊரில் மாதம் மூன்று முறை நிற்பதுதான்.

“இவன் இங்க நிக்க ஆரம்பிச்சதுலேர்ந்துதான்,” என்று வரிசையில் யாரோ சொன்னார்கள்.

ஆறாம் நாள், மரம் அறுக்கும் ஆலையில் மேற்பார்வை செய்யும் நிக்கந்தர் அவர் முன்னால் வந்து நின்றார். “நாட்டுக்கு ஒரு கை வேணும் லூகிச். இரும்புக் கை. அந்தக் கை நம்ம கழுத்துல இருந்தாத்தான் நம்ம தலை நேரா நிக்கும். இல்லாட்டிப் போனா ஆளாளுக்கு ஒரு பக்கம் திரும்பிடுவோம்.”

“நானும் அதைத்தான்யா சொல்றேன்!” என்றார் அவெர்யான் லூகிச் மனமுருகி. “அவர் இல்லாட்டி வேற யாரு இருக்கா?”

“அப்ப இந்த அட்டைய எதுக்குப் பிடிச்சிருக்க?”

“பிடிக்கச் சொன்னாங்க.”

நிக்கந்தர் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். “கேட்டீங்களா? யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க! வெளிநாட்டுக்காரன் வேலை!”

யார் சொல்லிக் கொடுத்தது என்று வரிசையிலிருந்த எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒன்பதாம் நாள் அவர் வீட்டு ஜன்னலில் கல் விழுந்தது. கல்லை எறிந்தவர் மறுநாள் வந்து, வேறு யாரோ எறிந்ததாக வருத்தம் தெரிவித்து, கண்ணாடி மாட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். பதினொன்றாம் நாள் மறுபடியும் எறிந்தார்.

அன்று நான் ஒரு கையெழுத்து வாங்க அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆக்னியா கட்டிலில் சாய்ந்துகொண்டு, கணவர் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பினார்.

“போர்ஃபிரி குஸ்மிச், இந்தக் கிழவனைப் பாருங்க. நாப்பது வருஷம் கூட வாழ்ந்திருக்கேன். ஒரு நாள் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்ல. சூப்புல உப்பு இல்லாட்டியும் ‘அற்புதம்’னு சொல்லிக் குடிப்பான். இவன்தான் கிடைச்சானா உங்களுக்கு, அரசாங்கத்தை எதிர்க்க?”

“உனக்காகத்தான் ஆக்னியா,” என்றார் அவர் தரையிலிருந்து.

“தெரியும். அதான் பயமா இருக்கு. எனக்குக் கிட்னி ரெண்டும் போச்சு. உனக்கு இருக்கறது ஒரு மூளை. அதையாவது அவங்ககிட்டக் குடுக்காம வெச்சிரு.”

*

தேர்தல் நாள் சிறப்பாக நடந்தது. பள்ளி வாசலில் துருத்திவாத்தியம், கூடத்தில் மலிவு விலையில் பணியாரம், தேநீர். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் மதியத்துக்குள் போட்டு முடித்துவிட்டதால் ஒரு மணிக்கே பெட்டியைத் திறந்தோம். ஆளுநரை எதிர்த்து நின்ற வேட்பாளர் வேறு மாவட்டத்துக்காரர். அவரும் அன்று ஆளுநருக்குத்தான் போட்டதாகத் தொலைக்காட்சியில் சொல்லியிருந்தார்.

எண்ணினோம். ஆளுநர், முந்நூற்றுப் பன்னிரண்டு.

ரிம்மா வெனெதிக்தொவ்னா வெளிறிப்போனார். மறுபடி எண்ணினோம். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினோம். சகார் மேசைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தார்.

“எதிர்ப்பு எங்க போச்சு?” என்று கேட்டார் ஸ்னெஷானா இகோரெவ்னா. “போர்ஃபிரி குஸ்மிச், அந்த ஆளைக் கூப்பிடுங்க!”

அவெர்யான் லூகிச் கொதிகலன் அறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். முகத்தில் ஒரு வேலையை ஒழுங்காக முடித்தவனின் நிம்மதி இருந்தது.

“யாருக்குப் போட்டீங்க?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “அதான், மறைப்புக்குள்ள ‘இரகசிய வாக்கெடுப்பு’ன்னு எழுதி ஒட்டியிருந்துச்சுங்க. சரி, பதினஞ்சு நாள் வெளியில எதிர்த்தாச்சு, சொன்ன வேலையச் செஞ்சாச்சு. உள்ள யாரும் பார்க்கலையே, மனசாட்சிப்படி போடுவோம்னு...”

“அதுக்கு?”

“அவருக்கே போட்டுட்டேன்.”

“துரோகி!” என்றார் ரிம்மா வெனெதிக்தொவ்னா.

“உங்களை நம்பி ஒரு எதிர்க்கட்சியையே குடுத்தோம்,” என்றார் ஸ்னெஷானா இகோரெவ்னா. கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்தார். “முழுசா.”

ஒரு புதுச் சீட்டு எடுத்தோம். மறைப்புக்குள் அனுப்புவது இனி பாதுகாப்பில்லை என்பதால் மேசையிலேயே, எங்கள் ஐந்து பேர் முன்னிலையில், அவர் போட வேண்டும் என்று தீர்மானித்தோம். அவர் பேனாவைப் பிடித்தார். கீழே வைத்தார். ஜன்னல் வழியாக வேனின் முதுகு தெரிந்தது, மறுபடி எடுத்தார். சுவரிலிருந்த படத்தைப் பார்த்து, “மன்னிச்சிடுங்க ஐயா,” என்று சொல்லிவிட்டு, கட்டத்துக்குள் கோடு போட்டார். பிறகு மூக்கைச் சிந்தினார்.

கணக்குச் சரியாக, குவியலிலிருந்து ஒரு சீட்டை எடுக்க வேண்டியிருந்தது. ஆளுநருக்கு விழுந்த சீட்டைக் கிழிக்க எவரும் முன்வரவில்லை. கப்பிதொலீனா அதை ஒரு சுத்தமான துணியில் சுற்றினார். அது இன்றும் பள்ளிப் பெட்டகத்தில் இருக்கிறது.

*

வியாழக்கிழமை ஆளுநர் தொலைக்காட்சியில் தோன்றி மக்களுக்கு நன்றி சொன்னார். “துகலோவோ என்ற ஊரில் ஒரே ஒருவர் எனக்கு எதிராக வாக்களித்திருக்கிறார்,” என்றார், புன்னகையுடன். “இதுதான் ஜனநாயகம். அந்த ஒருவரை நான் மதிக்கிறேன். அவர் வாழட்டும்.”

ஊரில் நெடுநேரம் இதை ஆராய்ந்தார்கள். ‘வாழட்டும்’ என்று ஏன் சொல்ல வேண்டும்? வேறு ஏதாவது செய்யலாமா என்று யாரோ கேட்டிருந்தால் அல்லவா ஒருவர் அப்படிப் பதில் சொல்வார்?

அடுத்த செவ்வாய்க்கிழமை வேன் வரவில்லை.

அவெர்யான் லூகிச் நிர்வாக அலுவலகத்துக்கு ஓடினார். அவர் பேச்சு தடுமாறும் என்பதால் ரிம்மா வெனெதிக்தொவ்னா என்னையும் அனுப்பினார். க்ளெப் சாவிச் எங்களை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். நடந்தது இதுதான்: எதிர்ப்பாளரை நியமிக்கச் சொன்னது ஒரு துறை. அந்தச் சுற்றறிக்கை இரகசியம் என்பதால் இன்னொரு துறைக்கு அது தெரியாது. ‘பரிவு’ வேன்களை நடத்துவது அந்த இன்னொரு துறை. அவர்கள் துகலோவோவின் அந்த ஒருவரின் கோப்பை வரவழைத்துப் பார்த்தார்கள். ஐந்தாவது கட்டம் காலியாக இருந்தது. காலியாக ஒரு கட்டம் இருக்கக்கூடாது என்பது அவர்கள் விதி. நிரப்பினார்கள். ‘எதனுடன் உடன்பாடு இல்லை: ஆளுநரின் பரிவுடன்.’

“நான் அப்படி எழுதலையே!”

“கையெழுத்து உன்னுதுதானே? முத்திரை இருக்கு, வட்டமா. இதப் பாரு லூகிச்,” என்று க்ளெப் சாவிச் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார். “இது என்ன பழைய காலமா? அப்பல்லாம் உன்னைக் கேட்டா எதையும் குடுத்தாங்க? இழுத்துட்டுப் போயி வைத்தியம் பார்த்தாங்க, வேண்டாம்னாலும் வேலை குடுத்தாங்க. இப்ப ஜனநாயகம். உடன்பாடு இல்லாத ஆள்மேல பரிவு காட்டறது வன்முறை. உன் உரிமையை மதிச்சு வேனை நிறுத்தியிருக்காங்க. மதிச்சு! எனக்கு யாரும் இப்படி மதிப்புக் குடுத்ததில்ல.”

“அப்ப நான் வாபஸ் வாங்கிக்கிறேங்க. எனக்கு உடன்பாடு உண்டு. எல்லாத்தோடயும் உடன்பாடு உண்டு. எழுதிக் குடுத்துடறேன்.”

க்ளெப் சாவிச் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. “எப்படிப்பா வாங்குவ? ஆளுநர் டிவியில மதிச்சுட்டாரே. நீ வாபஸ் வாங்கிட்டா அவர் எதை மதிச்சாரு? ஒண்ணுமில்லாததையா? அவரைப் பொய்யராக்கப் பார்க்கறியா?”

அவெர்யான் லூகிச் திடுக்கிட்டு, “ஐயோ, இல்லீங்க,” என்றார்.

“அப்ப சரி. தேநீரைக் குடி.”

வியாழக்கிழமை சகார் தம் காரில் ஆக்னியாவை அழைத்துப் போனார். சனிக்கிழமையும் போனார். திங்கட்கிழமை பள்ளிக்கு ஆய்வுக்குழு வந்து, உடற்பயிற்சிக் கூடத்தின் ஏறும் கயிறு நான்கு சென்டிமீட்டர் குறைவாக இருப்பதைக் கண்டுபிடித்தது. சகார் மறுநாள் காலை அவர்கள் வீட்டு வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

“லூகிச் மாமா, கார்... கார்ல ஏதோ ஒரு சத்தம்.”

“என்ன சத்தம்? நான் வேணா பார்க்கட்டுமா? எனக்குத்தான் இயந்திரம் தெரியுமே,” என்றார் அவெர்யான் லூகிச்.

“விடுடா கிழவா,” என்றார் உள்ளேயிருந்து ஆக்னியா. “அது இயந்திரத்துல வர்ற சத்தம் இல்ல. சகார், நீ போப்பா. ரெண்டு குழந்தை வெச்சிருக்க. போ, நிக்காதே, பக்கத்து வீட்ல பார்க்கறாங்க.”

மருத்துவ ஊர்திக்குத் தொலைபேசி செய்தார்கள். அவசரம் என்றால்தான் வரும் என்றார்கள். வாரத்துக்கு மூன்று முறை வருகிற ஒன்றை அவசரம் என்று எப்படிச் சொல்ல முடியும் என்றும் கேட்டார்கள். மருத்துவமனையிலேயே சேர்த்துக்கொள்ளச் சொன்னபோது, ஆக்னியா ‘வேனில் வந்துபோகும் நோயாளிகள்’ பட்டியலில் இருப்பதாகவும், வேனில் வந்து இறங்கினால் பட்டியல் மாற்றுவதைப் பற்றிப் பேசலாம் என்றும் பதில் வந்தது.

ஆளுநருக்கே எழுதுவது என்ற யோசனையைச் சொன்னது ஒருவரல்ல, ஊர் முழுவதும். கல் எறிந்தவரும் சொன்னார். நிக்கந்தர் வீட்டுக்கே வந்து, “சுத்தி இருக்கறவனுங்கதான்யா மோசம், அவர் காதுக்கு விஷயம் போகாமப் பார்த்துக்கறானுங்க. அவருக்குத் தெரிஞ்சா ஒருத்தன் தலை தப்பாது,” என்று கண்கலங்கினார். அதையே ஓர் அட்டையில் எழுதி ரொட்டிக் கடைக்கு எதிரே நிற்கிறீர்களா என்று ஆக்னியா கேட்டதும், ஆலையில் வேலை இருப்பது நினைவுக்கு வந்து கிளம்பிவிட்டார்.

கடிதத்தை நான் எழுதினேன். ஓரம் விட்டு, பத்தி பிரித்து. ஆக்னியாவின் கால்கள் அதற்குள் உரல் மாதிரி வீங்கியிருந்தன. முகமும்.

“‘பெருமதிப்புக்குரிய ஆளுநர் அவர்களுக்கு, தங்கள் உடல்நலம் வேண்டி’ன்னு ஆரம்பிங்க,” என்றார் அவெர்யான் லூகிச்.

“‘நான் சாகறேன்’னு ஆரம்பிங்க,” என்றார் ஆக்னியா.

“அப்படி எழுதக்கூடாது ஆக்னியா. படிச்சா அவர் மனசு கஷ்டப்படும்.”

ஆக்னியா சிரிக்கப் பார்த்தார். மூச்சு இடம் கொடுக்கவில்லை. “சரி, கஷ்டப்படுத்த வேணாம். ‘கொஞ்சம் சாகறேன்’னு போடுங்க, போர்ஃபிரி குஸ்மிச். எனக்கும் உடன்பாடுதான்.”

‘மனைவியின் உடல்நிலை திருப்திகரமாக இல்லை’ என்று எழுதினேன். பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

கடிதம் ஆளுநர் அலுவலகத்துக்குப் போனது. அங்கிருந்து சுகாதாரத் துறைக்கு. அங்கிருந்து ‘பரிவு’த் துறைக்கு. அங்கிருந்து மாவட்டத்துக்கு. அங்கிருந்து, ‘உரிய அதிகாரி விசாரித்து முப்பது நாளுக்குள் மனுதாரருக்குப் பதிலளிக்க’ என்ற குறிப்புடன், வேனை நிர்வகிக்கும் உரிய அதிகாரியான க்ளெப் சாவிச்சுக்கு. ஒவ்வோர் இடத்திலும் முத்திரை வாங்கியிருந்தது. என் கையெழுத்தின் மேல் ஐந்து முத்திரை.

கடிதம் எழுதிய ஒன்பதாம் நாள் ஆக்னியா இறந்தார். செவ்வாய்க்கிழமை. அவெர்யான் லூகிச் அன்றும் விடியுமுன் எழுந்து, வேன் வந்தால் தயாராக இருக்கட்டும் என்று அவருக்குக் கம்பளிக் காலணி மாட்டிவிட்டிருந்தார்.

அடக்கத்துக்கு ஊர் முழுவதும் வந்தது. க்ளெப் சாவிச் மலர்வளையம் அனுப்பினார். கல்லறைத் தோட்டத்துக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். இறந்தவர்களை ஏற்றிச் செல்ல எவருடைய உடன்பாடும் தேவையில்லை என்று விதி இருந்ததால் வேன் கொடுக்கப்பட்டது. சேறு உறைந்துவிட்டிருந்தது, எங்கும் மாட்டிக்கொள்ளாமல் போய்ச் சேர்ந்தது. சாப்பாட்டின்போது நிக்கந்தர் எழுந்து, நாட்டில் ஒழுங்கு இல்லாததுதான் இதற்கெல்லாம் காரணம் என்றும் கை இன்னும் கொஞ்சம் இறுக வேண்டும் என்றும் பேசினார். பலர் அழுதார்கள்.

*

கடிதம் அனுப்பிய இருபத்தொன்பதாம் நாள் க்ளெப் சாவிச் என்னை அழைத்தார். அவருக்கு வாக்கியம் சரியாக வராது. ஊரில் கடிதம் என்றால் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள்.

“நாளையோட கெடு முடியுது. அந்த லூகிச் மனுவுக்குப் பதில் போடணும். எழுதிக்குங்க. ‘தங்கள் மனு கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. தற்சமயம் மனுதாரர் குடும்பத்தில் வாகனத் தேவை ஏதும் இல்லை என்பது நேரடி விசாரணையில் உறுதியாயிற்று. பிரச்சினை நேர்மறையாகத் தீர்க்கப்பட்டது.’”

பேனாவை நிறுத்தினேன். “‘நேர்மறையாக’ வேணுங்களா?”

“படிவத்துல ரெண்டே ரெண்டு பதில்தான் இருக்கு, போர்ஃபிரி குஸ்மிச். ஒண்ணு ‘நேர்மறையாகத் தீர்க்கப்பட்டது’, இன்னொண்ணு ‘விளக்கம் தரப்பட்டது’. நீங்க என்ன விளக்கம் குடுப்பீங்க?”

யோசித்துப் பார்த்தேன். நேர்மறையாக என்றே எழுதினேன். சுத்தப் பிரதி எடுத்து, அவர் கையெழுத்து வாங்கி, இணைப்பாக ஐந்து முத்திரையிட்ட மனுவின் நகலைச் சேர்த்தேன்.

பள்ளிக்குத் திரும்பியபோது நடைவழியில் அவெர்யான் லூகிச் வெப்பக்குழாய்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குளிர்காலத்தில் பள்ளி என்றுமில்லாத கதகதப்பாக இருந்தது. அவருக்கு வீட்டுக்குப் போக அவசரம் இல்லை.

“பதில் வந்துடுச்சுங்களா?”

“வந்துடும். தபால்ல.”

அது என் கையில் இருந்தது. ஆனால் மனுக்களுக்கான பதில் பதிவுத் தபாலில்தான் போக வேண்டும். பதிவுத் தபால் மாவட்டத்துக்குப் போய்த்தான் திரும்பும். ஆள் எதிரே நிற்கிறார் என்பது விதிவிலக்கு ஆகாது.

“அவரே கையெழுத்துப் போட்டிருப்பாருங்களா? ஆளுநர்?” என்று கேட்டார். “இல்ல, திட்டியிருந்தாலும் பரவாயில்ல. நான் அன்னிக்கு அந்தக் கோடு போட்டதுக்கு. அவர் என்ன நினைச்சாருன்னு தெரிஞ்சா போதும்.”

என் மேசைக்குப் போய் உறையில் முகவரி எழுதினேன்: அவெர்யான் லூகிச் பெஸ்தோவ், பள்ளிக் கொதிகலன் அறைக்குப் பின்புறம், துகலோவோ. பசை தடவினேன். அரக்கை உருக்கி, முத்திரையை நேராக அழுத்தினேன். தபால்பைக்குள் போட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டினேன்.

பேருந்து இல்லாததால் தபாலும் வேனில்தான் போகிறது. ஓட்டுநருக்கு இடுப்புப் பிடித்திருந்தது. பையைக் கொஞ்சம் தூக்கி வைக்கும்படி நடைவழியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அவெர்யான் லூகிச் வந்து தூக்கிக்கொண்டு போனார்.

“பின்னாடி வேணாம் லூகிச், தரை ஈரமா இருக்கு. முன் சீட்ல வை. பெல்ட்டையும் மாட்டிடு, இல்லாட்டி சீட்ல ஆள் இருக்குன்னு நினைச்சு தொண்ணூறு கிலோமீட்டரும் வண்டி கத்திக்கிட்டே வரும்.”

அவர் பையை இருக்கையில் நேராக நிறுத்தி, பெல்ட்டை இழுத்து மாட்டி, கழன்றுவிடாமல் இருக்கிறதா என்று ஒரு முறை இழுத்துப் பார்த்தார். கதவைச் சாத்தினார். வேன் கிளம்பிப் போயிற்று.